மீன்களின் விகாரமும் கழிமுகத்து நீரும்

ஆறு கடலோடு கலக்கும் இடத்து நீரைப் பற்றி ஒருவர் உறுதியாக எதையாவது சொல்ல முற்பட்டால், எந்த நேரத்து நீரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. காலையில் ஓதம் ஏறி வரும்போது உப்பும் தெளிவுமாக இருக்கிற அதே துறை, சில மணி நேரத்தில் ஓதம் வடியத் தொடங்கியதும் மேட்டு நிலத்துச் சேற்றையும் நகரத்துச் சாக்கடையையும் சுமந்துகொண்டு முற்றிலும் வேறு நீராகிவிடுகிறது; மழைக்காலத்து வெள்ளம் ஒன்று வந்து போனால், அதற்கு முந்திய மாதம் எடுத்த அளவுகள் அத்தனையும் பழங்கதையாகிவிடுகின்றன. ரசாயனப் பரிசோதகர் ஒரு குப்பியில் மொண்டு செல்லும் நீர் பொய் சொல்வதில்லை என்பது உண்மையே. ஆனால் அது சொல்லும் மெய் அந்தக் குப்பியின் அளவும், மொண்ட கணத்தின் அளவுமே ஆனது. நடுநிசியில் ஆலையின் மதகைத் திறந்து விட்டுவிட்டு விடிவதற்குள் மூடிவிடுகிறவனை, காலை பத்து மணிக்குக் குப்பியுடன் வருகிற உத்தியோகஸ்தர் எவ்வாறு கண்டுபிடிப்பார்?

இதைவிட முக்கியமான இன்னொரு விசேஷமும் கழிமுகத்துக்கு உண்டு. ஆற்று நீரில் மிதந்து வரும் நுண்ணிய களிமண் துகள்கள் நன்னீரில் இருக்கும் வரையில் ஒன்றையொன்று விலக்கியபடியே வருகின்றன. உப்பு நீரைச் சந்தித்ததும் அந்த விலக்கம் அடங்கி, துகளோடு துகள் ஒட்டித் திரண்டு, கனம் கூடி அடியில் படிந்துவிடுகின்றன. எண்ணெய்க் கசிவு, நிலக்கரியும் மரமும் எரிந்த கரி, பூச்சிமருந்துகள், ஈயம் பாதரசம் முதலிய உலோகங்கள் ஆகிய யாவும் நீரில் கரைந்து நிற்பதைவிட இத்துகள்களைப் பற்றிக்கொள்ளும் இயல்பே மிகுதியாக உடையவை ஆதலால், அவையும் துகள்களோடு சேர்ந்து அடியில் தங்கிவிடுகின்றன. மேலே ஓடும் நீருக்குப் பாதகமில்லை என்று சான்றிதழ் எழுதப்படுகிற அதே நாளில், கீழே கிடக்கும் சேற்றில் அரை நூற்றாண்டு நஞ்சு அடுக்கடுக்காகக் கிடக்கலாம்.

அந்தச் சேற்றின்மேல் படுத்து, அந்தச் சேற்றிலுள்ள புழுவையும் நத்தையையும் தின்று, வருஷக்கணக்கில் அங்கேயே வாழ்கிற மீன் ஒன்று இருக்குமானால், அதன் சரீரம் நமக்கு ஒரு கணத்தின் செய்தியை அல்ல, பல வருஷங்களின் மொத்தத்தைத் தெரிவிக்கும். மளிகைக் கடையில் அன்றாடம் சிறிது சிறிதாக ஏறும் பற்று, மாதக் கடைசியில் ஒரே தொகையாக முன்னே வந்து நிற்பது போல, ஒவ்வொரு நாளும் அளவைக் கருவிக்கு எட்டாத அற்பமாக உள்ளே சென்ற நஞ்சு, ஒரு நாள் கட்டியாகவோ, அரிக்கப்பட்ட துடுப்பாகவோ, வளைந்த முதுகெலும்பாகவோ கண்ணுக்குத் தெரிகிறது. 1981 இல் அமெரிக்க உயிரியல் அறிஞர் ஜேம்ஸ் கார், ஓடைகளின் ஆரோக்கியத்தை அவற்றின் மீன்களைக் கொண்டே மதிப்பிடுவதற்கு ஒரு முறையை வகுத்தபோது, எத்தனை இனங்கள், எத்தனை மீன்கள் என்ற எண்ணிக்கைகளோடு, அவற்றில் எத்தனை நோயும் விகாரமும் உடையவை என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தார்; பின்னர் வந்தவர்கள் அந்த முறையைக் கழிமுகங்களுக்கும் பொருத்திக்கொண்டனர். எனினும் இந்த விஷயத்தின் முழு வலிமையையும் அறிய விரும்புகிறவர் சூத்திரங்களைவிட ஒரு துறைமுகத்தின் சரித்திரத்தைப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகம் சார்ல்ஸ், மிஸ்டிக், நெப்பான்ஸெட் என்ற மூன்று ஆறுகள் கடலைச் சேரும் கழிமுகம். அந்த நாட்டு விடுதலைப் போராட்டத்தின் முதல் அத்தியாயமாகத் தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டது இங்கேதான். அதன் பிறகு இரு நூற்றாண்டுகளாக அங்கு எறியப்பட்டவற்றில் தேயிலையே மிகவும் சுத்தமான பொருள் என்று சொல்லலாம். 1980களில் பாஸ்டனையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த கழிவுநீர், நட் ஐலண்டிலும் டீர் ஐலண்டிலும் இருந்த இரண்டு பழைய நிலையங்களில் அரைகுறையாக வடிகட்டப்பட்டுத் துறைமுகத்தில் விடப்பட்டு வந்தது. வடிகட்டியதில் சேர்ந்த சேற்றை என்ன செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை: ஓதம் வடிகிற வேளை பார்த்து, கடல் அதை வெளியே இழுத்துச் சென்றுவிடும் என்ற நம்பிக்கையோடு, எந்த நீரிலிருந்து பிரித்தெடுத்தார்களோ அந்த நீரிலேயே மறுபடியும் கொட்டினார்கள். கடல் அத்தனை கடமையுணர்ச்சி உடையதாக இல்லை. ஓதம் திரும்பி வரும்போது பெரும்பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது.

1982 இல் துறைமுகத்தின் தென்கரையிலுள்ள குவின்ஸி நகரத்தின் வழக்கறிஞர் வில்லியம் கோல்டன் என்பவர், வொல்லாஸ்டன் கடற்கரையில் காலையில் ஓடிக்கொண்டிருந்தபோது, தம் காலடியில் மிதிபடுவது மனித மலமும் கழிவுமே என்று கண்டு திடுக்கிட்டார். நகரம் வழக்குத் தொடுத்தது. வழக்குத் தொடுக்கும் அதிகாரம் உடையவர்கள் கடற்கரையில் காலாற நடப்பது ஒரு சமூகத்துக்கு எத்தனை அவசியம் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. அந்த வழக்கையொட்டி மாநில நீதிமன்றம் காட்டிய கண்டிப்பின் விளைவாக, குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனியாக ஓர் அதிகார ஸ்தாபனம் ஏற்பட்டது. பின்னர் மத்திய அரசின் சுற்றுச்சூழல் இலாகா தொடுத்த வழக்கில் ஃபெடரல் நீதிபதி டேவிட் மஸோன் காட்டிய கண்டிப்பால், துறைமுகத்தைச் சுத்தம் செய்வதற்கு நாள் குறித்த கட்டளைகள் பிறந்தன.

ஆனால் நாற்றமும் அசிங்கமும் ஒரு விஷயம். நஞ்சு வேறு விஷயம். பாஸ்டன் நீரில் நஞ்சு இருக்கிறது என்பதற்கு மறுக்க முடியாத சாட்சியாக வந்தது ஒரு மீன். நம் கடற்கரைகளில் நாக்கு மீன் என்று விற்கப்படுகிறதே, அதைப் போலவே தட்டையாக, இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில் அமைந்து, சேற்றோடு சேறாகப் படுத்திருக்கும் ‘விண்டர் ஃப்ளவுண்டர்’ என்ற மீன் அது. அப்பகுதி மக்கள் விரும்பி உண்பது. 1984 இல் டீர் ஐலண்டை அடுத்த சமதளப் பரப்பில் 200 மீன்களைப் பிடித்து, அவற்றின் ஈரலை அறுத்து, மெல்லிய படலங்களாகச் சீவிச் சாயமேற்றி நுண்பெருக்கியில் பார்த்த ராபர்ட் முர்ச்செலானோ, ரிச்சர்ட் வோல்க் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், அவற்றில் சுமார் 8 சதவிகிதம் மீன்களுக்கு ஈரலில் புற்றுநோய் இருப்பதைக் கண்டு, அதை 1985 இல் ‘ஸயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். புற்றாக முற்றாத ஈரல் கோளாறுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அந்த வருஷங்களில் துறைமுகத்து மீன்களில் முக்கால் பங்குக்கு மேல் நோய்க்குறி உடையவை என்பது தெரிந்தது. கடலில் திரியும் மீன்களிடையே ஈரல் புற்று மிகமிக அரிது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த எண்களின் பயங்கரம் விளங்கும்.

ஏன் ஈரலில்? இதற்கான விடை உயிரின் தற்காப்பு முறையிலேயே இருக்கிற ஒரு விசித்திரம். நிலக்கரி, தார், எண்ணெய் ஆகியவற்றிலும், அவை எரிந்த புகையிலும் இருக்கிற பல வளையங்கள் கொண்ட ஹைட்ரோகார்பன்கள் கொழுப்பில் கரைபவை, நீரில் கரையாதவை. உடம்பிலிருந்து ஒரு பொருளை வெளியேற்ற வேண்டுமானால் அதை நீரில் கரையச் செய்ய வேண்டும்; அந்த வேலையைச் செய்வது ஈரல். ஈரலின் உயிரணுக்களுக்குள் இத்தகைய அந்நியப் பொருள்களை அடையாளம் காணும் புரதம் ஒன்று இருக்கிறது; அது ஒரு மூலக்கூறைப் பற்றியவுடன் சில மரபணுக்கள் தூண்டப்பட்டு, அந்த மூலக்கூறைச் சிதைக்கும் நொதிகள் ஏராளமாக உண்டாகின்றன. அவை அதனோடு பிராணவாயுவைச் சேர்த்து உருமாற்றுகின்றன. அந்த உருமாற்றத்தின் இடைநிலையில் பிறக்கிற பொருளோ, முதலில் உள்ளே வந்ததைவிடக் கொடியதாய், உயிரணுவின் மரபுப் பொருளோடு ஒட்டிக்கொண்டு அதன் எழுத்தையே மாற்றிவிடுகிறது. உடலைக் காப்பதற்கென்று ஏற்பட்ட உபாயமே நோய்க்கு வித்தாகிறது என்பது, மீனுக்கு மட்டுமல்ல, புகை பிடிக்கிற மனிதனின் நுரையீரலுக்கும் பொருந்துகிற உண்மை.

இதிலிருந்து நடைமுறையில் ஒரு முக்கியமான விளைவு தொடர்கிறது. ஈரல் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்வதால், இந்த ஹைட்ரோகார்பன்கள் மீனின் சதையில் தங்குவதில்லை. சந்தையில் வாங்கிய மீனின் சதையை அரைத்துப் பரிசோதித்துவிட்டு, ஒன்றுமே இல்லை, மீன் சுத்தமாக இருக்கிறது என்று ஒருவர் அறிக்கை கொடுத்தால், அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் தேட வேண்டிய இடத்தில் அவர் தேடவில்லை. சிதைந்த பொருள்கள் பித்தநீரில் இருக்கின்றன. சேதம் ஈரலில் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஸியாட்டில் நகரத்தை அடுத்த ப்யூஜெட் ஸவுண்ட் பகுதியில் டொனால்ட் மாலின்ஸும் அவருடைய சகாக்களும் வேறொரு தட்டை மீனை வைத்து நடத்திய ஆராய்ச்சிகள், சேற்றிலுள்ள இந்த ஹைட்ரோகார்பன்கள் எங்கே மிகுதியோ அங்கே ஈரல் நோயும் மிகுதி என்பதைத் தெளிவாகக் காட்டின. பி.சி.பி., டி.டி.டி. முதலிய குளோரின் சேர்ந்த பொருள்களின் இயல்பு இதற்கு நேர்மாறானது; அவை எளிதில் சிதையாமல் கொழுப்பில் தங்கி, உண்ணப்படும் மீனிலிருந்து உண்ணும் மீனுக்கும், அதிலிருந்து மனிதனுக்கும் ஏறிக்கொண்டே போகின்றன.

பாஸ்டன் சுத்திகரிப்பு மெல்லவே நடந்தது. ஆலைகள் தம் நஞ்சுகளைச் சாக்கடையில் சேர்ப்பது கட்டுப்படுத்தப்பட்டது. 1991 டிசம்பரில் சேற்றைக் கடலில் கொட்டுவது நின்றது. அது உலர்த்தப்பட்டு எருவாக விற்கப்படலாயிற்று. டீர் ஐலண்டில் புதிய நிலையம் எழும்பி, வடிகட்டுவதோடு நில்லாமல் நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவை அழிக்கும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு 1997 முதல் 2001 வரை படிப்படியாக ஏற்பட்டது. 2000 செப்டம்பரில், கடலடியின் பாறையைக் குடைந்து அமைத்த ஒன்பதரை மைல் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே, சுத்தம் செய்யப்பட்ட நீர் துறைமுகத்தைத் தாண்டி வெளிக்கடலுக்கு அனுப்பப்பட்டது. மொத்தச் செலவு சுமார் 380 கோடி டாலர். அதில் பெரும்பகுதியைக் கட்டணமாகக் கொடுத்த ஊர் மக்கள் முணுமுணுத்ததில் ஆச்சரியமில்லை.

இத்தனை பணமும் வீண்போகவில்லை என்பதை அவர்களுக்கு எப்படி நிரூபிப்பது? அதற்கும் அந்த மீனே உதவிற்று. ஒவ்வொரு வருஷமும் அதே இடங்களில் அதே இன மீன்களைப் பிடித்து, அதே முறையில் ஈரலைச் சீவிப் பார்த்து வந்தார்கள்; உட்ஸ்ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மைக்கேல் மூர் இந்த வேலையில் பல்லாண்டுகளைச் செலவிட்டவர். கட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. 2004க்குப் பிறகு டீர் ஐலண்ட் பரப்பு மீன்களில் ஈரல் கட்டி ஒன்றும் காணப்படவில்லை என்று 2018 இல் அவருடைய குழுவினர் எழுதினர். சுற்றுச்சூழல் விஷயங்களில் நோயைக் கண்டுபிடித்த கதைகள் ஆயிரம் கிடைக்கின்றன; நோய் தீர்ந்ததை அதே சாட்சியின் வாயால் கேட்கிற பாக்கியம் அபூர்வம்.

ஈரல் நோய் வெளியே தெரியாதது. கண்ணால் காணத்தக்க விகாரங்களில் முதலாவது வளைந்த முதுகெலும்பு. 1975 இல் வர்ஜீனியா மாநிலத்தில் ஜேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ஹோப்வெல் என்ற ஊரில், கீப்போன் என்ற பூச்சிமருந்தைத் தயாரித்த சிறு தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்கள் கை நடுக்கமும் கண் துடிப்புமாக மருத்துவர்களிடம் வந்தபோது, அந்த நஞ்சு ஆற்றிலும் கலந்திருப்பது வெளிப்பட்டது. ஜேம்ஸ் ஆற்றில் மீன் பிடிப்பது தடை செய்யப்பட்டு, அந்தத் தடை முழுவதும் நீங்குவதற்கு 1988 வரை ஆயிற்று. கழிமுகத்தில் வாழும் சிறு மீன் ஒன்றை அதே நஞ்சு கலந்த நீரில் விட்டுப் பரிசோதித்த விஞ்ஞானிகள், அதன் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து போவதை 1977 இல் வெளியிட்டார்கள். எலும்பை நஞ்சு நேரே தாக்கவில்லை. நரம்புகளைத் தாக்க, தசைகள் ஓயாமல் இறுகி இழுக்க, அந்த இழுப்புக்கு எலும்பு வளைந்து கொடுத்தது என்பது அவர்கள் கண்ட விளக்கம். தொழிலாளியின் நடுக்கமும் மீனின் கூனும் ஒரே காரணத்தின் இரண்டு காரியங்கள்.

இங்கிலாந்தில் கண்ட விகாரம் இன்னும் நுட்பமானது. கழிவுநீர் நிலையங்களுக்குக் கீழே ஓடும் ஆறுகளில், விரையில் முட்டையும் சேர்ந்திருக்கிற ஆண் மீன்கள் அகப்படுவதைக் கண்டு ஆராயத் தொடங்கியவர்கள், பெண் மீனின் முட்டைக் கருவுக்கென்று ஏற்பட்ட ஒரு புரதம் ஆண் மீன்களின் இரத்தத்திலும் ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். 1990களில் இந்தச் சோதனை கழிமுகங்களுக்கும் எட்டியபோது, டைன், மெர்ஸி ஆகிய ஆறுகளின் முகத்துவாரங்களில் வாழும் ஃப்ளவுண்டர் ஆண்களிடமும் அதே புரதம் இருந்தது. மெர்ஸியில் சில ஆண்களின் விரைக்குள் முட்டைகளும் இருந்தன. பெண்களின் உடலில் இயற்கையாகச் சுரந்து வெளியேறும் ஹார்மோன்களும், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஹார்மோனும், சில சலவைப் பொருள்கள் சிதைந்து உண்டாகும் ரசாயனங்களும் இதற்குப் பொறுப்பு. இங்கே குற்றவாளி என்று எந்த ஆலையையும் சுட்டிக்காட்ட முடியாது. ஊர் முழுவதும் சேர்ந்தே குற்றவாளி.

இவ்வளவு தூரம் படித்த வாசகர், இனிச் சந்தையில் புண்ணுள்ள மீனையோ கூன் விழுந்த மீனையோ கண்டால், இது நஞ்சின் வேலை என்று உடனே முடிவு கட்டிவிடக்கூடும். அது நியாயமல்ல. முட்டைப் பருவத்தில் நீர் அளவுக்கு மீறிச் சூடேறினாலும், பிராணவாயு குறைந்தாலும், ஒட்டுண்ணிகள் புகுந்தாலும், உணவில் வைட்டமின் சி இல்லாது போனாலும் முதுகெலும்பு வளையும்; மீன் பண்ணை நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

புண்களின் விஷயம் இன்னும் சிக்கலானது. 1997 கோடையில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பொகோமோக் ஆற்றின் கழிமுகத்தில் மென்ஹேடன் என்ற மீன்கள் உடலில் ஆழ்ந்த புண்களோடு செத்து மிதந்தபோது, ஃபிஸ்டீரியா என்ற நுண்ணுயிரின் விஷமே காரணம் என்றும், அந்த நுண்ணுயிர் பெருகியதற்குக் கோழிப் பண்ணைகளின் எரு ஆற்றில் கலந்தது காரணம் என்றும் பெரும் பீதி எழுந்தது, ஆறுகள் மூடப்பட்டன, நல்ல மீனைக்கூட வாங்குவாரில்லை. பின்னர் நிதானமாக ஆராய்ந்தபோது, அந்தப் புண்களுக்குள் பூஞ்சை போன்ற வேறு ஓர் உயிர், அஃபானோமைஸீஸ் என்பது, வேரோடியிருப்பது தெரிந்தது; அதை மட்டுமே கொண்டு ஆரோக்கியமான மீனில் அதே புண்ணை உண்டாக்கவும் முடிந்தது. இந்த உயிர் நமக்குப் புதியதல்ல. 1980களின் பிற்பகுதியில் இலங்கையிலும், 1988 இல் இந்தியாவின் வடகிழக்கிலும் தோன்றி, 1991 இல் கேரளத்தின் காயல்கள் வரை பரவி, விரால் முதலிய மீன்களின் உடலைச் செந்நிறப் புண்ணாகத் துளைத்த நோய்க்கு இதுவே காரணம். அக்காலத்தில் மீன் சாப்பிடவே மக்கள் அஞ்சினார்கள்.

அப்படியானால் புண்ணுள்ள மீன் நீரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா என்றால், அதுவும் சரியல்ல. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ரிச்மண்ட், கிளாரன்ஸ் ஆறுகளின் கழிமுகங்களில் இதே புண் மழைக்குப் பிறகு மிகுந்து காணப்படுகிறது. அங்கே கரையோரச் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததால், பல்லாயிரம் வருஷங்களாக நீருக்கடியில் செயலற்றுக் கிடந்த கந்தக மண் காற்றுப் பட்டு, மழை பெய்ததும் கந்தக அமிலத்தை ஆற்றில் இறக்கிவிடுகிறது. அமிலம் தோலைப் புண்படுத்த, அந்த வழியே பூஞ்சை உள்ளே நுழைகிறது. பூஞ்சைதான் நோய், ஆனால் அதற்குக் கதவைத் திறந்து விட்டது மண்வெட்டி.

சாட்சிகளில் மிகவும் தந்திரமானது, நோயே இல்லாத மீன். வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தை அடுத்த எலிஸபெத் ஆறு முழுவதும் ஓதம் ஏறி இறங்கும் கழிமுகம். அதன் கரையில் ரயில் கட்டைகளுக்கும் கப்பல் துறைக் கம்பங்களுக்கும் கிரியோசோட் என்ற தாரெண்ணெயை ஏற்றும் ஆலைகள் பல பத்தாண்டுகள் இயங்கி வந்தன. அங்கே ‘மம்மிச்சாக்’ என்ற விரல் நீள மீன் ஒன்று, பெரும்பாலும் ஒரே ஓரத்தை விட்டு அகலாமல் வாழ்ந்து மடிகிறது. 1990 இல் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, அவற்றுள் ஓர் ஆலைக்கு எதிரே பிடித்த அம்மீன்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஈரல் கோளாறு உடையவை. மூன்றில் ஒன்றுக்குப் புற்றே இருந்தது. இதுவரையில் இது பாஸ்டன் கதைதான். ஆனால் அந்தச் சேற்றின் சாரத்தை எடுத்து, சுத்தமான ஊரிலிருந்து கொண்டுவந்த மம்மிச்சாக் முட்டைகளில் சேர்த்தபோது, அவற்றின் குஞ்சுகளுடைய இதயம் அறைகளாக மடியாமல் ஒரு நீண்ட குழாயாக நின்றுவிட, சுற்றிலும் நீர் கோத்து அவை மாண்டு போயின. எலிஸபெத் ஆற்று மீன்களின் முட்டைகளோ அதே சாரத்தில் ஒன்றும் நடவாதது போல வளர்ந்தன. தலைமுறை தலைமுறையாக நஞ்சு தாங்காதவை அழிந்து, தாங்கியவை பெருகி, அந்த ஆற்றில் நஞ்சுக்குப் பழகிய ஒரு குலமே உருவாகிவிட்டது. 2016 இல் ‘ஸயன்ஸ்’ இதழில் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று, அமெரிக்கக் கிழக்குக் கரையின் நான்கு அசுத்தக் கழிமுகங்களில் தனித்தனியே இந்த மாறுதல் ஏற்பட்டிருப்பதையும், முன்னே சொன்ன, அந்நியப் பொருளை அடையாளம் காணும் அந்தப் புரதத்தைச் சார்ந்த வழிகளே நான்கிலும் திரும்பத் திரும்ப மாறியிருப்பதையும் காட்டிற்று.

நியூயார்க்கின் ஹட்ஸன் ஆற்றிலும் இதே நிகழ்ச்சி. 1947 முதல் சுமார் முப்பது வருஷங்கள் இரண்டு மின்சாதனத் தொழிற்சாலைகள் விட்ட பி.சி.பி. அந்த ஆற்றின் முகத்துவாரம் வரை பரவியது. அங்கு வாழும் டாம்காட் மீன்களில் இரண்டு வயதை எட்டியவற்றில் பத்தில் ஒன்பதுக்கு ஈரல் கட்டி இருந்தது. 2011 இல் ஆராய்ந்தபோது, அம்மீன்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஆறு எழுத்துகள் காணாமற் போயிருந்தன, அதனால் பி.சி.பி.யை அந்தப் புரதம் சரியாகப் பற்றுவதில்லை.

ஆகவே வலையில் அகப்படுகிற விகார மீனைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கலாகாது: அது தப்பிப் பிழைத்த மீன். கூனோடு பிறந்த குஞ்சுகளில் பெரும்பாலானவற்றைக் கொக்கும் பெரிய மீனும் முதல் வாரத்திலேயே தின்றுவிடுகின்றன. இதயம் மடியாத குஞ்சு எந்தக் கணக்கிலும் வராமல் சேற்றோடு சேர்ந்துவிடுகிறது. விகாரம் மிகுதியாக இருப்பது நீர் கெட்டது என்பதற்கு நல்ல சாட்சியம். விகாரம் இல்லாதிருப்பதோ, நீர் நல்லது என்பதாலும் இருக்கலாம், நலிந்தவை யாவும் முன்னமே செத்துவிட்டதாலும் இருக்கலாம், எஞ்சியவை பழகிக்கொண்டதாலும் இருக்கலாம். பழகிய குலமும் சும்மா பழகிவிடவில்லை. எலிஸபெத் ஆற்று மம்மிச்சாக்குகள் பிராணவாயு குறைந்த நீரை மற்றவற்றைப் போலத் தாங்குவதில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

நம் கடற்கரையில் இந்தக் கேள்விகள் யாவும் ஒருங்கே எழுகிற இடம் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் அந்தக் கழியில் அனல் மின் நிலையங்களின் சாம்பலும், மணலித் தொழிற்பகுதியின் கழிவுகளும் வருஷக்கணக்காகச் சேர்ந்திருக்கின்றன. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெயும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழியில் இறங்கிய எண்ணெயும் அந்தக் குப்பங்களின் மீனவர்களுக்கு மறக்கக்கூடியவை அல்ல. சென்னை ஆராய்ச்சியாளர்கள் இந்த எண்ணூர்க் கழியின் மடவை மீன்களையும், நகரத்துக்குத் தெற்கே அவ்வளவாகக் கெடாத கோவளம் கழிமுகத்தின் மடவை மீன்களையும் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் தேடியது கட்டியையோ கூனையோ அல்ல. ஈரலின் உயிரணுக்களுக்குள், சூட்டாலோ நஞ்சாலோ உருக்குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிப்பதற்கென்று சுரக்கிற விசேஷப் புரதங்களை. எண்ணூர் மீன்களில் அவை கோவளத்து மீன்களைவிட மிகுதியாக இருந்தன. ஈரலின் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றத்தால் சிதைந்திருப்பதன் அடையாளமும் மிகுதி. இது வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் தெரியாத மாறுதல். மடவையைக் கையில் எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவருக்கு அது நல்ல மீனாகவே தோன்றக்கூடும்.

இது தொடக்கம் மட்டுமே. மடவை ஓரளவு திரிகிற மீன். முட்டையிடக் கடலுக்குச் செல்வது. ஆதலால் பாஸ்டனின் தட்டை மீனையோ வர்ஜீனியாவின் மம்மிச்சாக்கையோ போல ஒரே இடத்தின் கணக்கை அது சொல்லாது. கழியை விட்டு நீங்காமல் சேற்றிலேயே கிடக்கும் கெளுத்தி, உளுவை போன்றவற்றை, கோவளத்திலும் எண்ணூரிலும் ஒரே பருவத்தில், ஒரே வயதில் பிடித்து, ஈரலை அறுத்துப் பார்த்துக் கணக்கு வைக்க வேண்டும். ஒரு வருஷம் செய்து ஒரு கட்டுரை எழுதிவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. பாஸ்டனில் அந்தக் கணக்குக்கு மதிப்பு ஏற்பட்டது இருபதாவது வருஷத்தில்தான். இதற்கு வேண்டிய கருவிகள் நம் கல்லூரிகளின் விலங்கியல் ஆய்வுக்கூடங்களில் ஏற்கெனவே இருக்கின்றன: மெழுகில் பதித்த ஈரலைச் சீவுவதற்கு ஒரு கத்தி, இரண்டு சாயங்கள், ஒரு நுண்பெருக்கி, அவற்றோடு, எந்த மீன் எந்த ஓடையில் எத்தனை நாள் தங்கும் என்பதை அறிந்த எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவரின் படகும்.